வசனம் இல்லாத வேஷம்

"முடிவு எங்கேம்மா?" என்று கேட்டார் கரஸ்பாண்டன்ட்.

கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். தரையில் ஜமக்காளம் விரித்து ப்ளஸ் ஒன் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் நாடகம் அப்போதுதான் முடிந்திருந்தது. முடிந்தது என்றால், அரைகுறையாக முடிந்தது. கதாநாயகி பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள், வம்பு செய்தவன் சிரித்துக்கொண்டு நின்றான், அவ்வளவுதான். முதல் வரிசை நாற்காலியிலிருந்து கரஸ்பாண்டன்ட் எழுந்துவிட்டார்.

"கடைசில ஒரு மெசேஜ் வேணாமா? நல்லதா நாலு வார்த்தை சொல்லி முடிச்சிட்டீங்கன்னா பசங்க லஞ்சுக்குப் போயிடுவாங்க."

"முடிவு பசங்க கையில இருக்கு சார். நீங்க உக்காருங்க" என்றேன்.

கூப்பிட்டு வாய்ப்புக் கொடுத்தவரிடம் இப்படிப் பேசக் கூடாதுதான். என் வாய் அப்படி. ஆனால் அன்றைக்கு என் கவலை அவரைப் பற்றி இல்லை. ஹாலின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில், யூனிஃபார்ம் போடாமல் ஒரு பெண் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். அவள் டி.சி. வாங்கிக்கொண்டு போக வந்தவள். அவள் போய்விடக் கூடாதே என்பதுதான் என் கவலை.

1. காபி மாமி

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நான் சபா நாடகத்திலிருந்து வந்தவள். மயிலாப்பூர், தி. நகர் சபாக்களில் வருஷக்கணக்காக நடித்தேன் என்றால் பெரிய நடிகை என்று நினைத்துவிடாதீர்கள். எனக்குக் கிடைத்ததெல்லாம் பெரும்பாலும் பக்கத்து வீட்டு மாமி வேஷம். ஹீரோவும் அவன் மாமனாரும் ஜோக் அடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து டவரா டம்ளரை வைத்துவிட்டுப் போக வேண்டும்.

ஒரு தடவை டைரக்டரிடம், "சார், வெக்கும்போது 'சக்கரை போதுமா'ன்னு கேக்கட்டுமா?" என்றேன்.

"நீ வாயத் தொறந்தா அவர் ஜோக்கோட டைமிங் போயிடும்மா. வெச்சமா, போனமான்னு இரு."

வைத்தேன், போனேன். குழுவில் என் பெயரே காபி மாமி ஆகிவிட்டது. வசனம் இல்லாதவள் மேடையில் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று நானும் முடிவு கட்டிக்கொண்டேன்.

சபாக்களில் கூட்டம் குறைந்த பிறகு ஒரு பயிற்சிப் பட்டறையில் இந்த வேறு மாதிரி நாடகத்தைக் கற்றுக்கொண்டேன். இதில் ஒரு பிரச்சினையைச் சின்ன நாடகமாகப் போடுவோம். அது மோசமாகத்தான் முடியும். பிறகு அதையே முதலிலிருந்து மறுபடி போடுவோம். இந்தத் தடவை பார்க்கிற பிள்ளைகளில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து!" என்று கத்தலாம். மேடைக்கு வந்து ஒரு நடிகரை இறக்கிவிட்டு அந்த இடத்தில் நின்று, தானாக இருந்தால் என்ன செய்வோம் என்று நடித்துக் காட்டலாம். எழுதி வைத்த வசனம் எதுவும் கிடையாது, எல்லாம் அந்த நேரத்தில் வருவதுதான். தப்பு செய்கிறவனின் இடத்தை மட்டும் யாரும் கேட்கக் கூடாது. அவன் திருந்திவிட்டால் நாடகமே இல்லையே.

இன்னொரு விதியும் உண்டு. மேடையில் ஒருவர் காட்டுகிற வழி நிஜத்தில் நடக்காது என்று தோன்றினால் உட்கார்ந்திருப்பவர்கள் "மாயம்!" என்று கத்த வேண்டும். கத்தினால் மட்டும் போதாது. நிஜத்தில் எப்படி நடக்கும் என்று வந்து காட்டவும் வேண்டும்.

இதையெல்லாம் நடுவில் நின்று நடத்துகிறவருக்கு எங்கள் தொழிலில் ஜோக்கர் என்று பெயர். எங்கள் குழுவில் அது நான். போனில் பேசும்போது கரஸ்பாண்டன்ட், "ஜோக்கர்னா மூக்குல சிவப்பு உருண்டை எல்லாம் வெச்சிப்பீங்களா?" என்று கேட்டார். இந்த வயதில் அது ஒன்றுதான் குறைச்சல் என்றேன்.

2. ஒத்திகை

எங்களைக் கூப்பிடச் சொன்னவர் அந்தப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். அவர் சொன்ன விஷயம் இது. மயிலாப்பூரில் பாட்டுக்குப் பேர்போன ஒரு குடும்பத்துப் பெண், வைஷ்ணவி. ஆண்டு விழாவில் பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் உடைந்துவிட்டது. மைக் முன்னாலேயே அழுதுவிட்டாள். யாரோ அந்த வீடியோவிலிருந்து அழுகிற முகத்தை வெட்டி ஸ்டிக்கராகச் செய்து கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். அதன் பிறகு யாருக்கு மார்க் குறைந்தாலும் அந்த முகம்தான், யாருக்குப் பசித்தாலும் அந்த முகம்தான். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் பாடுவதையும் நிறுத்திவிட்டாள். வருஷத்தின் நடுவில் டி.சி. வாங்கி எங்கே சேர்ப்பது என்று வீட்டில் திண்டாட்டம்.

நடந்ததை அப்படியே மேடையில் போட மாட்டோம், அது எங்கள் கட்டுப்பாடு. அதனால் பாட்டை எடுத்துவிட்டு ஸ்போர்ட்ஸ் டே வைத்தோம். ரிலே ஓட்டத்தில் கட்டையை நழுவவிட்டு அழுகிற பெண். அந்த வேஷம் திவ்யாவுக்கு. ஸ்டிக்கர் செய்து வம்பிழுப்பவனாக வேலு. வேலுவுக்கு ஊர் நொச்சிக்குப்பம், வேலை ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு லேத் பட்டறையில். மேடையில் அவனைப் பார்த்தால் பிள்ளைகள் அடிக்க வருவார்கள், நிஜத்தில் அவன் எறும்புக்குக்கூட வழிவிட்டு நடக்கிறவன்.

"அக்கா, அந்தப் பொண்ண இம்மா கலாய்க்கணுமா? பாவமா கீதுக்கா" என்றான்.

"நீ கலாய்க்கலன்னா அவங்க எதுக்குடா நிறுத்துன்னு கத்துவாங்க? கருணை காட்டாம பண்ணு."

இரண்டு பேர் மட்டும் நின்றால் மேடை வெறிச்சென்று இருந்தது. அதனால் குழுவுக்குப் புதிதாக வந்த ஜெயந்தியை வேலுவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன்.

"எனக்கு என்னக்கா டயலாக்?"

"ஒண்ணும் இல்ல. போனப் பாரு, சிரி, அடுத்தவங்களுக்கு அனுப்பு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். நான் அத வெச்சே காலத்த ஓட்டினேன்டி."

அவள் முகம் தொங்கிப் போனது. எனக்கும் அந்த முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் வலித்தது, ஏனென்றால் அது என் பழைய முகம். ஆனால் மேடை நிறைந்துவிட்டது, மேற்கொண்டு நான் யோசிக்கவில்லை.

3. எல்லாரும் அவளுக்கே சொன்னார்கள்

நாடகத்தன்று வராந்தாவில் வைஷ்ணவியையும் அவள் அம்மாவையும் கவுன்சிலர் எனக்கு அறிமுகப்படுத்தினார். அம்மா பாட்டு டீச்சர்.

"டி.சி. வாங்கிண்டு போலாம்னுதான் வந்தோம். இந்த மேடம்தான் ஒரு தடவை பாத்துட்டுப் போங்கோன்னா" என்றார் அந்த அம்மா. "ஆத்துல ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறா. நான் சுருதி வெச்சாலே எழுந்துண்டு போயிடறா. அவளா உக்காந்தா உக்காரட்டும், நான் எதுவும் சொல்லப் போறதில்லை."

நான் வைஷ்ணவியிடம் எங்கள் விதிகளை விளக்கிவிட்டுச் சொன்னேன். "கதவுக்குப் பக்கத்துல உக்காரும்மா. பிடிக்கலன்னா எழுந்து போயிடலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நிறுத்து, மாயம் ரெண்டும் சொல்ல உனக்கும் உரிமை உண்டு."

அவள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். நாடகம் தொடங்கிய பிறகுதான் இருவரும் உள்ளே வந்தார்கள். அதனால் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைகள் யாரும் கவனிக்கவில்லை.

வேலு போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "மச்சி, இன்னா மூஞ்சிடா இது! புளிப்பு மாங்கா கடிச்ச கொரங்கு மாரி கீது" என்றதும் ஹால் முழுக்கச் சிரித்தது. நடிகர்களுக்கு இனிக்க வேண்டிய சிரிப்பு. எனக்கு இனிக்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தானே அவள் ஏற்கெனவே கேட்டுவிட்டுப் போனாள். கதவைப் பார்த்தேன். உட்கார்ந்துதான் இருந்தாள்.

திவ்யா முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டுப் போக, நாடகம் முடிந்தது. கரஸ்பாண்டன்ட் எழுந்து முடிவு கேட்டது இந்த இடத்தில்தான். அவரை உட்கார வைத்துவிட்டு நாடகத்தை மறுபடி தொடங்கினோம்.

முதல் "நிறுத்து!" ஒரு பையனிடமிருந்து. திவ்யாவின் இடத்துக்கு வந்து சட்டைக் கையை மடித்துவிட்டு, "இன்னொரு தடவை போட்டுப் பாரு" என்று வேலுவின் மேல் விரலை நீட்டினான். வேலு அசரவில்லை. "டேய், ஹீரோ வந்துட்டார்டா! வீடியோ எடு, வீடியோ எடு!" என்றான். பிள்ளைகள் "மாயம்!" என்று கூவ, பையன் சிரித்துக்கொண்டே இறங்கிவிட்டான்.

அடுத்து ஒரு பெண் வந்து மிஸ்ஸிடம் சொல்லப் போவதாகச் சொன்னாள். கரஸ்பாண்டன்ட் பலமாகத் தலையாட்டினார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க!" என்று பக்கத்தில் இருந்த டீச்சரிடம் சொன்னது எனக்கே கேட்டது. வேலு கைகட்டி நின்று, "சாரி மிஸ்" என்றான். பிறகு திரும்பி, "இவளத் தூக்கிட்டு வேற குரூப் ஆரம்பிங்கடா" என்றான். கண்டுகொள்ளாமல் இருந்தால் போதும் என்று இன்னொரு பெண் வந்து விறைப்பாக நின்றாள். "பாரு, கண்டுக்காத மாரி சீன் போட்டுக்கினு கீது" என்று அவளையும் வேலு கவிழ்த்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வந்தவர்கள் எல்லாரும் திவ்யாவின் இடத்துக்கே வந்தார்கள். நீ தைரியமாக இரு, நீ போய்ச் சொல், நீ கண்டுகொள்ளாதே. அடி வாங்கியவளுக்கே வீட்டுப்பாடம்.

கடைசி வரிசையில் வைஷ்ணவி எழுந்து நின்றாள். அவள் அம்மா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். போச்சு, என்று நினைத்தேன்.

"நிறுத்து!"

ஜமக்காளத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பெயர் கேட்டேன். முத்துலட்சுமி என்றாள். தி. நகரில் அப்பாவுக்குத் துணிக்கடை, பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அவள் திவ்யாவைத் தாண்டிப் போய் ஜெயந்தியின் முன்னால் நின்றாள்.

"இவங்க இடம் வேணும்."

"அந்த வேஷத்துக்கு வசனமே கிடையாதேம்மா."

"தெரியும் மிஸ். அதான் வேணும்."

இத்தனை பள்ளிக்கூடங்களில் அந்த மாதிரி ஒரு இடத்தை ஒருவரும் கேட்டதில்லை. ஜெயந்தி திருதிருவென்று விழித்துக்கொண்டே இறங்கினாள்.

4. மாயம்

வேலு போனை முத்துவின் பக்கம் நீட்டினான். "இந்தா, எல்லாருக்கும் அனுப்பு."

முத்து வாங்கினாள். பழக்க தோஷம், கட்டைவிரல் திரை மேல் போய்விட்டது. பிறகு கையை இறக்கிக்கொண்டாள்.

"இன்னா, அனுப்பலயா? நீ அவ கட்சியா?"

"இல்ல..." என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆமா" என்றாள்.

"அப்ப உன் மூஞ்சியயும் இதே மாரி போட்ருவேன். பரவால்லயா?"

"போடு." முகம் கோணிக்கொண்டு வந்தது. "போட்டுக்கோ. அப்ப நாங்க ரெண்டு பேரு ஆயிருவோம்லா?"

வேலு என்னைப் பார்த்தான். எங்கள் தொழிலில் வம்பு செய்கிற நடிகன் ஜோக்கரைப் பார்த்தால் கையில் சரக்குத் தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். கரஸ்பாண்டன்டும் தட்டினார். எனக்கும் தட்டத்தான் தோன்றியது. ஆனாலும் வழக்கமான கேள்வியைக் கேட்டாக வேண்டும்.

"மாயமா, நடக்குமா?"

"மாயம்" என்று ஒரு குரல் வந்தது.

கதவுப் பக்கமிருந்து. ஹால் முழுக்கத் திரும்பியது. அவள் அங்கே இருப்பதே அப்போதுதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது.

"மாயம்" என்றாள் வைஷ்ணவி மறுபடி. "அவ அப்படிச் சொல்லலை."

முத்து மேடையில் வெலவெலத்துப் போனாள். அவர்கள் இருவரும் ஆறாவதிலிருந்து ஒரே பெஞ்ச் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஸ்டிக்கர் வந்த அன்றைக்கு முத்துவும் சிரித்து அனுப்பியிருக்கிறாள் என்பதும் தெரியாது.

"ஆமாட்டி. சொல்லல" என்றாள் முத்து.

கரஸ்பாண்டன்ட் எழுந்து என்னிடம் வந்தார். "மேடம், போதும். சும்மா கிடக்கற சங்க ஊதிக் கெடுக்காதீங்க."

நாடகம் நிஜமாகிவிட்டால் நிறுத்த வேண்டும் என்றுதான் எனக்கும் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அவளுக்கு உரிமை உண்டு என்று வராந்தாவில் வாக்குக் கொடுத்தவள் நான். வார்த்தை பெரிதா, பாடம் பெரிதா? "ஒரு நிமிஷம் சார்" என்று அவரிடம் சொல்லிவிட்டு அவளைப் பார்த்துப் பேசினேன்.

"மாயம்னு சொன்னவங்க நிஜத்துல எப்படின்னு வந்து காட்டலாம். வந்தே ஆகணும்னு இல்லம்மா. அப்படியே போனாலும் சரிதான்."

அவள் அம்மா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னபடி ஒன்றும் சொல்லவில்லை. வைஷ்ணவி சுவரோரமாக நடந்து மேடைக்கு வந்தாள். திவ்யா எழுந்து மேடையில் போட்டிருந்த பெஞ்சை விட்டுக் கொடுத்தாள்.

"மிஸ், இந்த அக்கா முகத்த மூடிண்டு அழறா. அப்படி இல்லை" என்றாள் என்னிடம். "போனைத்தான் கவுத்து வெப்போம். அதுக்கப்பறம் யார் என்ன சொல்றான்னே தெரியாது. நல்லது சொன்னாலும் தெரியாது."

பெஞ்சின் ஒரு ஓரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். மடியில் போனைக் கவிழ்த்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். திவ்யாவின் பையைப் பக்கத்தில் பெஞ்சின் மேலேயே வைத்தாள். அழவில்லை.

தொடரலாம் என்று வேலுவுக்குத் தலையசைத்தேன். அவன் குரலைத் தணித்துக்கொண்டு, "இந்தா, அனுப்பு" என்றான் முத்துவிடம்.

"மாட்டேன். போடு, என் மூஞ்சியயும்..." என்று அதே வசனத்தை எடுத்தாள் முத்து. பாதியில் பெஞ்சைப் பார்த்தாள். அந்த முதுகுக்கு இது எதுவுமே கேட்கவில்லை. வாய் அப்படியே நின்றுவிட்டது.

அவள் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. பெற்ற தாய் சும்மா இருக்கும்போது எனக்கு என்ன அவசரம்? பிறகு முத்து போனை வேலுவின் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு நடந்து போய் அந்தப் பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"இன்னா, அங்க போய்க் குந்திக்கினே?" என்றான் வேலு. பதில் இல்லை. "ஏய், உன்னத்தான்!" பதில் இல்லை. ஒருவரும் சிரிக்கவும் இல்லை. அவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஒதுங்கிவிட்டான்.

பெஞ்சில் இருவருக்கும் நடுவில் அந்தப் பை இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து வைஷ்ணவி அதை எடுத்துக் கீழே தரையில் வைத்தாள். முத்து நகர்ந்து வந்தாள்.

"மாயமா, நடக்குமா?" என்று கேட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக் கேட்கவில்லை.

"நடக்கலாம்" என்றாள் வைஷ்ணவி.

அதோடு முடித்துக்கொண்டேன். இந்தத் தடவை முடிவு எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

5. வராந்தா

ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது வெளியே அவர்கள் இருவரும் பேசுவது காதில் விழுந்தது. ஒட்டுக் கேட்கக் கூடாதுதான், கேட்டேன்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் வைஷ்ணவி.

"இருந்துக்கோட்டி. நான் வேணாம்னா சொன்னேன்? பக்கத்துல உக்காந்து கோவப்படு."

கரஸ்பாண்டன்ட் அந்த அம்மாவிடம் வந்தார். கெட்டவர் இல்லை, பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர்தான். தயங்கித் தயங்கிக் கேட்டார். "டி.சி. டைப் பண்ணி ரெடியா இருக்கும்மா. என்ன பண்ணட்டும்?"

"இருக்கட்டும் சார்" என்றார் அந்த அம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "திங்கக்கிழமைக்கு யூனிஃபார்ம் அயர்ன் பண்ணி வெக்கணும்ங்கறா."

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் ஜெயந்தி என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தாள். "அக்கா, அடுத்த ஷோவுக்கும் அந்த வேஷம் எனக்கேதானே?" என்றாள். "யாருக்கும் குடுத்துடாதீங்க." முன்னால் உட்கார்ந்திருந்த வேலு, "ஆசையப் பாரு. அத்த நான்தான் பண்ணப் போறேன். திட்டித் திட்டி எனக்கே நெஞ்சு வலிக்குது" என்றான்.

இரண்டு பேருக்கும் கொடுக்கவில்லை. இப்போதெல்லாம் அந்த வேஷம் எனக்கு, ஜோக்கர் வேலை திவ்யாவுக்கு. புதிதாக வருகிறவர்கள், இவ்வளவு அனுபவம் உள்ளவர் ஏன் ஒரு வார்த்தை பேசாமல் ஓரமாக நிற்கிறார் என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதினேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கட்டும், நல்லதுதான். ஆனால் ஒரு வகுப்பில் வம்பு செய்கிறவன் ஒருவன், வம்பில் மாட்டியவள் ஒருத்தி. மீதி அத்தனை பேருக்கும் வசனம் இல்லாத வேஷம்தான். நானும் வாழ்நாள் முழுக்க அந்த வேஷத்தைத்தான் போட்டேன். டம்ளரை வைத்தேன், உள்ளே போனேன். எங்கே போய் உட்காருவது என்பதை நானே முடிவு செய்யலாம் என்று ஒரு டைரக்டரும் எனக்குச் சொல்லவில்லை, ப்ளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண் செய்து காட்டிவிட்டுப் போனாள்.